உங்க வக்கீல் கடைசியா எப்போ படிச்சார்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததை எடுத்துவிட்டு, கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.)

இன்னைக்குத் தலைப்பு கேட்க கொஞ்சம் வறட்சியாத்தான் இருக்கும். குடும்ப வழக்கு நடத்துற வக்கீல்கள், பட்டம் வாங்கின பிறகும் படிக்கிறாங்களா? படிக்கச் சொல்லி யாராவது அவங்களைக் கேக்குறாங்களா?

"இது எனக்கு எதுக்கு"ன்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. சென்னையிலயோ பெங்களூர்லயோ மெட்ரோவுல நின்னுக்கிட்டு இதைக் கேக்குற உங்கள்ல பல பேருக்கு, தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் அம்மா வழியில ஒரு ஊர் இருக்கும். அங்க தாத்தாவோட வயல் இருக்கும். அதுல அம்மாவுக்குப் பங்கு உண்டா, உண்டுன்னா எவ்வளவு? 1988ல இதுக்கு ஒரு பதில். 1990ல வேற பதில். 2006ல வேற, 2016ல வேற, 2020 கடைசியில திரும்பவும் வேற. உங்க அம்மா போய்ப் பார்த்த வக்கீல் கடைசியா எந்த வருஷத்துச் சட்டத்தைப் படிச்சிருந்தாரோ, அந்த வருஷத்துப் பதில்தான் அவங்களுக்குக் கிடைச்சிருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். குடும்பம் கற்பனை, கணக்கு நிஜம்.

பாபநாசம் பக்கம் ஒரு குடும்பம்னு வைங்க. 18 மா நன்செய், பூர்வீகச் சொத்து. டெல்டாவுல மூணு மா சேர்ந்தா ஒரு ஏக்கர், ஆக 6 ஏக்கர். ஒரு மகன், ரெண்டு மகள்கள். மூத்தவளுக்கு 1980ல கல்யாணம், இளையவளுக்கு 1985ல. அம்மா முன்னாடியே போயிட்டாங்க. அப்பா 1998ல உயில் எழுதாம இறந்துபோறார். நிலத்தை யாரும் பிரிக்கல. அண்ணன் குறுவை, சம்பான்னு பயிர் வெச்சுக்கிட்டே இருக்கார்.

1956ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் முதல்ல இருந்த மாதிரி பார்த்தா, அப்பா இறக்குறதுக்கு ஒரு நொடி முன்னாடி அவரும் மகனும் சொத்தைப் பிரிச்சுக்கிட்டதா ஒரு பாவனை செய்யணும். அப்பாவுக்கு 9 மா, மகனுக்கு 9 மா. அப்பாவோட 9 மாவை மூணு பிள்ளைங்களுக்கும் சமமாப் பிரிக்கணும், ஆளுக்கு 3 மா. கடைசியில மகனுக்கு 12 மா, மகள்களுக்கு ஆளுக்கு 3 மா.

1989ல தமிழ்நாடு தனியா ஒரு திருத்தம் கொண்டு வந்தது. மகளும் மகன் மாதிரியே பிறப்பால பங்குதாரர் என்றது. நாட்டோட பெரும்பகுதி இதை யோசிக்கிறதுக்கு 16 வருஷம் முன்னாடி! ஆனா அதுல ஒரு கோடு போட்டாங்க: 1989 மார்ச் 25க்கு முன்னாடி கல்யாணம் ஆன மகளுக்கு இது கிடையாது. நம்ம கதையில இருக்குற ரெண்டு பேருமே கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுட்டாங்க.

2005 செப்டம்பர் 9ல மத்திய அரசோட திருத்தம் அமலுக்கு வந்தது. கல்யாணக் கோடு போச்சு, எல்லா மகளுக்கும் சம உரிமை. சரி, அப்பா அந்தத் தேதிக்கு முன்னாடியே இறந்திருந்தா? 2015 அக்டோபர்ல, பூலாவதி வழக்குல உச்ச நீதிமன்றம், அந்தத் தேதியில அப்பாவும் உயிரோட இருந்திருக்கணும்னு சொன்னது. திரும்பவும் 3 மா. 2018ல தானம்மா வழக்குத் தீர்ப்பு வந்து, அப்பா முன்னாடியே இறந்திருந்தும் மகள்களுக்குப் பங்கு கொடுத்தது. ரெண்டு தீர்ப்பும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. எதை எடுத்துக்கிறதுன்னு கீழ் கோர்ட்டுகள் குழம்பிப் போச்சு. கடைசியில 2020 ஆகஸ்ட் 11ல மூணு நீதிபதிகள் அமர்வு, வினீதா சர்மா வழக்குல முடிச்சு வெச்சது. மகளோட உரிமை பிறப்பால வருது. 2005ல அப்பா உயிரோட இருந்தாரா இல்லையாங்கிறது அதுக்குத் தடை இல்லை. இப்போ 18 மாவும் மூணு சம பங்கு, ஆளுக்கு 6 மா.

3 மா, 6 மா. மகள் ஒருத்திக்கு ஒரு ஏக்கர் வித்தியாசம், காவிரிப் பாசன நன்செய்யில.

வினீதா சர்மா தீர்ப்புல பலர் கவனிக்காத ஒரு பகுதி இருக்கு. பாகப்பிரிவினை வழக்குல ரெண்டு கட்டம் உண்டு. யாருக்கு எத்தனை பங்குன்னு சொல்றது முதல்நிலைத் தீர்ப்பாணை. கோர்ட்டுல "பிரிலிமினரி டிகிரி"ன்னுதான் பேசிக்குவாங்க. அதுக்கப்புறம் கமிஷனர் வந்து அளந்து, எந்த வயல் யாருக்குன்னு முடிவாகி வர்றது இறுதித் தீர்ப்பாணை, "ஃபைனல் டிகிரி". முதல் கட்டத் தீர்ப்பு வந்திருந்தாலும் இறுதித் தீர்ப்பாணையோ அப்பீலோ நிலுவையில இருந்தா, மகள்களுக்கு மகனுக்குச் சமமான பங்கு கொடுக்கணும்னு அந்தத் தீர்ப்பு சொல்லுது.

இப்போ நம்ம பாபநாசம் சகோதரிகள் 2014ல வழக்குப் போட்டு, 2016ல பூலாவதி தீர்ப்பை வெச்சு ஆளுக்கு 3 மான்னு முதல்நிலைத் தீர்ப்பாணை வாங்கியிருந்தாங்கன்னு வைங்க. வக்கீல் அந்த 3 மாவுக்கே இறுதி மனு போட்டா, சகோதரிகளுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர் சத்தமே இல்லாம போயிடும். அண்ணன் தரப்பு வக்கீல் அதைச் சுட்டிக்காட்டப் போறதில்ல. நீதிபதி கேக்கலாம், கேக்காமலும் போகலாம். ஃபைலைத் தூசி தட்டி, "புதுத் தீர்ப்புப்படி பங்கை மாத்துங்க"ன்னு மனு போட வேண்டியது சகோதரிகளோட வக்கீல் மட்டும்தான்.

சரி, அந்த வக்கீலை 2020க்கு அப்புறம் படிக்கச் சொல்றது யாரு?

யாருமே இல்லை. ஒரு டாக்டரை எடுத்துக்கங்க. அஞ்சு வருஷத்துக்கு 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வியில கலந்துக்கணும்னு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்லுது. பிராக்டிஸ்ல இருக்குற ஆடிட்டருக்கு மூணு வருஷத்துக்கு 120 மணி நேரம். வக்கீலுக்கு? அகில இந்திய பார் தேர்வு ஒண்ணு 2010ல கொண்டு வந்தாங்க. அதைப் பாஸ் பண்ணிட்டா, அதுக்குப் பிறகு "இந்த வருஷம் என்ன படிச்சீங்க"ன்னு கேக்க ஆள் கிடையாது. அந்தத் தேர்வு வர்றதுக்கு முன்னாடி பட்டம் வாங்கினவங்களுக்கு அதுவும் கிடையாது. கருத்தரங்கு நடத்துறது பார் கவுன்சிலோட வேலைகள்ல ஒண்ணுன்னு 1961ம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டத்துல இருக்கு. நடக்கவும் நடக்குது. போகணும்ங்கிற கட்டாயம்தான் இல்லை.

வேடிக்கை என்னன்னா, அதே குடும்ப வழக்குல கட்டாயப் பயிற்சி வாங்கின ஒருத்தர் இருப்பார். அவர் மீடியேட்டர், சமரசர். 2005 ஏப்ரல்ல சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிமன்றத்தோட இணைஞ்ச சமரச மையம் தொடங்கினாங்க, நாட்டுலயே முன்னோடி முயற்சிகள்ல ஒண்ணு. அங்கிருந்து மாவட்டங்களுக்கும் பரவிச்சு. அந்த மையத்துல சமரசரா உட்கார 40 மணி நேரப் பயிற்சி வேணும். நீதிபதிகளுக்கும் மாநில நீதித்துறை அகாடமி இருக்கு: சென்னையில, மண்டல மையங்கள் கோவையிலயும் மதுரையிலயும். ஆக, தீர்ப்பு சொல்றவருக்குப் பயிற்சி, சமாதானம் பேசி வைக்கிறவருக்குப் பயிற்சி. நடுவுல, உங்க அம்மாவுக்காகப் பேசுறவருக்கு மட்டும் எதுவும் தேவையில்லை.

1984ம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டம் இன்னொரு படி மேல போய், அங்க வக்கீல் வெச்சுக்கிறது ஒரு உரிமையே இல்லைன்னு 13வது பிரிவுல எழுதி வெச்சிருக்கு. சண்டையைப் பெருசாக்காம பேசி முடிக்கட்டும்னு நல்ல எண்ணத்துல எழுதினது. நடைமுறையில எல்லாரும் வக்கீலோடதான் வர்றாங்க.

இங்க தஞ்சாவூரைப் பத்தி ஒரு சின்ன விலகல். குடும்பச் சட்டப் புத்தகங்கள்ல இந்த ஊருக்குப் பழைய இடம் உண்டு. கடைசி மராட்டிய ராஜா சிவாஜி 1855ல ஆண் வாரிசு இல்லாம இறந்தார். கம்பெனி அரண்மனைச் சொத்தை எடுத்துக்கிச்சு, பிறகு அரசு சொந்தச் சொத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதுல ராணிகளுக்குள்ள வழக்கு. 1868ல சென்னை உயர் நீதிமன்றம், விதவைகள் எல்லாரும் சேர்ந்து ஒரே சொத்தா அடையிறாங்க, ஒருத்தர் இறந்தா அவர் பங்கு மிச்சம் இருக்குறவங்களுக்குப் போகும்னு சொன்னது. கிட்டத்தட்ட 90 வருஷம் வக்கீல்கள் அதை மேற்கோள் காட்டினாங்க. 1956 சட்டத்தோட 14வது, 19வது பிரிவுகள் வந்ததும், புதுசா வர்ற வாரிசுரிமைகளுக்கு அந்த விதி செல்லாமப் போச்சு. தாத்தா காலத்து வக்கீலும் ஒரு நாள் காலையில எழுந்து, தனக்கு மனப்பாடமா தெரிஞ்ச ஒண்ணை மறக்க வேண்டியிருந்தது.

நம்ம காலத்துக்கு வருவோம். பங்கு விஷயத்தை விட அன்றாடம் அதிகமா அடிபடுறது ஜீவனாம்சம். டெல்டாவுக்குன்னே எழுதின மாதிரி ஒரு விஷயம் இதுல இருக்கு.

2020 நவம்பர் 4ல, ரஜ்னேஷ் - நேஹா வழக்குல உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க ஒரே நடைமுறை வகுத்தது. ஜீவனாம்ச வழக்குல ரெண்டு தரப்பும் தங்களோட வருமானம், சொத்து, கடன் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரமா தாக்கல் பண்ணணும். ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்து கொடுக்கணும். இது ஓரளவு எல்லாருக்கும் தெரியும். தீர்ப்போட பின்னிணைப்புல அந்தப் பிரமாணப் பத்திரத்துக்கு மாதிரிப் படிவங்கள் இருக்கு. ஒண்ணு சம்பளக்காரங்க, வியாபாரிங்க மாதிரி ஆட்களுக்கு. இன்னொண்ணு விவசாயிகளுக்குன்னே தனியா எழுதினது.

விவசாயிப் படிவம் என்ன கேக்குது தெரியுமா? மொத்தம் எவ்வளவு நிலம், அதுல உங்க பங்கு எவ்வளவு. நன்செய்யா புன்செய்யா. வருஷத்துல என்னென்ன பயிர். கடந்த மூணு வருஷத்துல அதுல வந்த வருமானம். குத்தகைக்கு நிலம் எடுத்திருக்கீங்களா. ஆடு, மாடு, கோழி எத்தனை, அதுல என்ன வருது. நிலத்து மேல கடன் உண்டா.

ஏன் இது முக்கியம்? ஒரு ஐடி கம்பெனி ஆளோட மனைவி ஜீவனாம்சம் கேட்டா, சம்பளச் சீட்டு இருக்கு, வருமான வரிக் கணக்கு இருக்கு. விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. அஞ்சு ஏக்கர் சம்பா அறுத்தவர் கோர்ட்டுல வந்து "எனக்கு நிரந்தர வருமானம் எதுவும் இல்லீங்க"ன்னு சொன்னா, வரிக் கணக்கைக் காட்டி மறுக்க முடியாது. சம்பளக்காரருக்கான படிவத்தையே அவர்கிட்ட நீட்டினா, முக்காவாசிக் கட்டத்துல "பொருந்தாது"ன்னு எழுதிட்டுப் போயிடுவார். அது பொய்யும் இல்லை!

விவசாயிப் படிவம் தெரிஞ்ச வக்கீல் வேற மாதிரி வேலை செய்வார். அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல நெல் போட்டா பணம் விவசாயியோட வங்கிக் கணக்குக்கு வருது. அந்தக் கணக்கு அறிக்கையை வரவழைக்கச் சொல்லலாம். எந்த சர்வே எண்ணுல எந்தப் போகத்துல என்ன பயிர்னு வி.ஏ.ஓ. அடங்கல்ல இருக்கும். கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடன் வாங்கியிருந்தா, எத்தனை ஏக்கருக்குன்னு எழுதிக் கொடுத்துத்தான் வாங்கியிருப்பார். பயிர்க் காப்பீடும் அப்படித்தான். ஒரு இடத்துல "அஞ்சு ஏக்கர் சாகுபடி"ன்னு கையெழுத்துப் போட்டவர், இன்னொரு இடத்துல "வருமானமே இல்லை"ன்னு கையெழுத்துப் போட்டா, ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாலே போதும். ஒரு குழந்தையோட ஸ்கூல் பீஸ் அந்த ரெண்டு தாள்ல இருக்கு.

படிப்புன்னு நான் சொல்றது இந்த மாதிரி விஷயத்தைத்தான். தீர்ப்போட தலைப்பை வாட்ஸ்அப்ல பார்த்துட்டு "ஆமா, தெரியும்"னு சொல்றது சுலபம். பின்னிணைப்பைத் திறந்து, அதை நம்ம ஊர் நிலத்துக்குப் பொருத்திப் பார்க்குறதுக்கு நேரம் வேணும். பக்கத்துல உட்கார்ந்து விவாதிக்க ரெண்டு பேர் வேணும்.

அந்த நேரம் எங்கேர்ந்து வரும்? நியாயமாப் பேசணும்னா, சின்ன ஊர் வக்கீலோட நாளையும் பார்க்கணும். பட்டுக்கோட்டையிலயோ ஒரத்தநாட்டுலயோ பிராக்டிஸ் பண்றவர் குடும்ப வழக்கு மட்டும் நடத்துறதில்ல. காலையில ஒரு ஜாமீன் மனு, அப்புறம் ஒரு செக் கேஸ், மதியம் ஒரு பாகப்பிரிவினை வாய்தா, சாயங்காலம் பத்திரம் எழுதுற வேலை. சென்னையில நடக்குற ரெண்டு நாள் கருத்தரங்குக்குப் போனா ரெண்டு நாள் வருமானம் போச்சு. டெல்டாவே கோர்ட் கணக்குல ரெண்டா பிரிஞ்சு கிடக்கு: தஞ்சாவூர் மாவட்டத்து அப்பீல் மதுரைக் கிளைக்குப் போகும், பக்கத்துல இருக்குற திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களோடது சென்னைக்குப் போகும். கும்பகோணத்து வக்கீலும் குடவாசல் வக்கீலும் பஸ்ஸுல கொஞ்ச தூரம்தான், ஆனா சீனியர்களைப் பார்க்கப் போற ஊர் வேற.

மொழியும் ஒரு தடை. கீழ் கோர்ட்டுல சாட்சி தமிழ்ல, வாதம் பெரும்பாலும் தமிழ்ல. சட்டத்தை மாத்துற தீர்ப்பு மட்டும் இங்கிலீஷ்ல, சில நேரம் நூறு பக்கத்துக்கு மேல. 1891லேர்ந்து வர்ற மெட்ராஸ் லா ஜர்னல் மாதிரி பத்திரிகைகளும் இங்கிலீஷ்தான். முன்னெல்லாம் இந்த இடைவெளியை சீனியர் நிரப்பினார். ஜூனியர் பக்கத்துல நின்னு கத்துக்கிட்டார். அந்த முறை நல்லதுதான், ஒரு ஓட்டை மட்டும் உண்டு: சீனியருக்குத் தெரியாத புதுசு ஜூனியருக்கும் தெரியாது. சீனியர் 2005ல நின்னுட்டா ஜூனியரும் அங்கேயே நிப்பார்.

அப்போ டாக்டர்களுக்கு மாதிரி மணி நேரக் கணக்கு வெச்சுட்டா சரியாயிடுமா? இங்கிலாந்து சொலிசிட்டர்களுக்கு வருஷத்துக்கு 16 மணி நேரம்னு கட்டாயம் இருந்தது. 2016 நவம்பர்ல அதை எடுத்துட்டாங்க. மணியை எண்ணினா ஆட்கள் மணியை நிரப்புறாங்க, கத்துக்கிறது தனிக் கதை. இப்போ அங்க, உங்க வேலைக்கு எது தேவைன்னு நீங்களே யோசிச்சு, படிச்சு, அதைப் பதிவு பண்ணி வைக்கணும். சிங்கப்பூர் நேர்மாறா 2012லேர்ந்து கட்டாயமாக்கியது. ரெண்டுலயும் நியாயம் இருக்கு.

என் கருத்தைக் கேட்டா, எல்லா வக்கீலுக்கும் எல்லாத்துலயும் மணி நேரம்னு ஆரம்பிக்க வேண்டாம். குடும்ப வழக்குல ஆஜராகுறவருக்கு மட்டும், சமரசருக்குக் கேக்குற அந்த 40 மணி நேரத்துல பாதியாவது கேக்கலாம். அதுவும் அந்தந்த ஊர் பார் அசோசியேஷன் கட்டடத்துலயே, தமிழ்ல, மே மாச கோர்ட் விடுமுறையில. பாடப்புத்தகமே வேண்டாம். விவசாயிப் படிவத்தை ஒரு தடவை நிரப்பச் சொல்லலாம், 18 மா கணக்கை மூணு விதமா போடச் சொல்லலாம். திருச்சியில தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் அரசு சட்டக் கல்லூரியும் இருக்கு, ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை.

அதுவரைக்கும் நீங்க செய்யக்கூடியது என்ன? அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ நிலுவையில பாகப்பிரிவினை வழக்கு இருந்தா, முதல்ல வழக்கோட சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குங்க, 16 எழுத்து. இ-கோர்ட்ஸ் ஆப்ல போட்டா வழக்கு எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு தெரியும். வக்கீல்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, ஒரே ஒரு கேள்வி மரியாதையா கேளுங்க: "சார், முதல்நிலைத் தீர்ப்பாணையில போட்ட பங்கு 2020 தீர்ப்புக்கு முன்னாடி உள்ளதா, பின்னாடி உள்ளதா?" நல்ல வக்கீலா இருந்தா சந்தோஷப்படுவார். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இ-எஸ்சிஆர் தளத்துல இலவசமா கிடைக்குது. பல தீர்ப்புகள் தமிழ்லயும் இருக்கு, பிரிண்ட் எடுத்துட்டே போகலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லைன்னா, பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாம இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்துல இருக்குற சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துல ஒரு மனு எழுதிக் கொடுத்தாப் போதும்.

ஒரு எச்சரிக்கை. 2004 டிசம்பர் 20க்கு முன்னாடியே பதிவுப் பத்திரம் மூலமாவோ கோர்ட் மூலமாவோ பாகம் பிரிஞ்சு முடிஞ்சிருந்தா, 2005 திருத்தம் அதைத் தொடாது. அந்தத் தேதிக்கு முன்னாடி வித்த நிலமும் அப்படித்தான். ஆனா "நாங்க அப்பவே வாய்மொழியா பிரிச்சுக்கிட்டோம்"னு மாமா சொன்னா, அதைக் கோர்ட் சுலபத்துல ஏத்துக்காது. அரசு ஆவணம் மாதிரி உறுதியான ஆதாரம் காட்டணும்னு வினீதா சர்மா தீர்ப்பே சொல்லுது. தாத்தா சொந்தமா சம்பாதிச்சு வாங்கின நிலத்துக்குக் கணக்கு வேற, அதை அவர் உயில்ல யாருக்கு வேணும்னாலும் எழுதியிருக்கலாம்.

"ரொம்பப் பழைய ஃபைல், விட்டுடலாம்"னு யாராவது சொன்னா, இதையும் தெரிஞ்சு வெச்சுக்கங்க. பாகப்பிரிவினையில முதல்நிலைத் தீர்ப்பாணை வந்த பிறகு, இறுதித் தீர்ப்பாணை கேட்டு மனு போட காலக்கெடு கிடையாது. பங்கு அறிவிச்ச வழக்கு, நிலத்தை அளந்து கொடுக்குற வரைக்கும் உயிரோடதான் இருக்கு. 2009ல உச்ச நீதிமன்றம் சொன்னது.

அடுத்த எபிசோட்ல விடுதலைப் பத்திரம். கல்யாணத்துக்குச் சீர் செஞ்ச கையோட அக்கா தங்கச்சிகிட்ட வாங்குற அந்தக் கையெழுத்து எப்போ செல்லும், எப்போ செல்லாதுன்னு பார்ப்போம். உங்க வீட்டுல அப்படி ஒரு பத்திரம் இருந்தா, தேதியை மட்டும் பார்த்து வைங்க.